யூலை நான்கும் ஏற்புவலியும்: அமெரிக்க இல்லங்களில் வாணவெடியின் வரலாறு

விழா நாட்களில் வீட்டு முற்றத்தில் வெடி கொளுத்தும் வழக்கம் எமக்கு அந்நியமானதன்று. தீபாவளி விடியற்காலையிலும், சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் வேளையிலும், நத்தார் நள்ளிரவிலும் சிறுவர் சீனவெடிக் கோவையைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கொளுத்துவதை யாவரும் கண்டிருப்பர். கையில் வைத்துக் கொளுத்தாதே, வெடிக்காததைக் குனிந்து பார்க்காதே, ஓலைவேலிக்குக் கிட்டப் போகாதே என்று பெரியோர் திண்ணையிலிருந்து கூறும் புத்திமதிகளும் விழாவின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டன. இப்புத்திமதிகளுள் எவை உண்மையில் உயிர் காத்தவை, எவை அச்சத்தின் வெளிப்பாடு மாத்திரமே என்பதைப் பிரித்தறிய வேண்டுமாயின் கணக்கு வேண்டும்; அதுவும் ஓரிரு ஆண்டுக் கணக்கன்று, தொடர்ச்சியான கணக்கு வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய கணக்கொன்றை ஆண்டு தவறாது எடுத்தவர்கள் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் வைத்தியர்கள். அவர்கள் எதை எண்ணினர், எண்ணியதனால் எது மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

1776 யூலை 2 ஆந் திகதி பிலடெல்பியாவிற் கூடியிருந்த குடியேற்ற நாட்டுப் பேராளர்கள் பிரித்தானியாவிலிருந்து பிரிவதெனத் தீர்மானித்தனர். மறுநாள் ஜோன் அடம்ஸ் தம் மனைவி அபிகேயிலுக்கு எழுதிய கடிதமொன்றில், வருங்காலத் தலைமுறையினர் அந்த 2 ஆந் திகதியை ஊர்வலத்தோடும், விளையாட்டோடும், துப்பாக்கி முழக்கத்தோடும், மணியோசையோடும், தீ மூட்டியும் விளக்கேற்றியும் கொண்டாடுவர் என்று எதிர்பார்ப்புத் தெரிவித்தார். திகதியைப் பொறுத்தவரையில் அவர் கணிப்புப் பிழைத்தது. பிரகடனம் ஏற்றுக்கொள்ளப்பட்ட 4 ஆந் திகதியே விழாநாளாயிற்று. ஆரவாரத்தைப் பொறுத்தவரையிலோ அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. 1777 இல், போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, பிலடெல்பியா நகரம் முதலாண்டு நிறைவைக் கொண்டாடியது. அன்றிரவு நிகழ்ந்த வாணவேடிக்கை, மாநிலங்களின் தொகைக்கேற்பப் பதின்மூன்று வாணங்களுடன் தொடங்கிப் பதின்மூன்று வாணங்களுடன் முடிவுற்றது.

இது பொதுவிடத்தில் நிகழ்ந்த வேடிக்கை. தெரிந்தவர்கள் கொளுத்த, ஊரார் விலகி நின்று பார்த்தனர். வெடி வீட்டுவாசலுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாகும். கந்தோன் துறைமுகத்தின் வழியாக நடைபெற்ற சீன வணிகத்தில் தேயிலையோடும் பட்டோடும் சிவப்புக் காகிதம் சுற்றிய சிறு வெடிகளும் கப்பலேறின. சில சதங்களுக்கு ஒரு கோவை வாங்கலாம் என்ற நிலை ஏற்பட்டதும், எந்தச் சிறுவனும் தனக்கெனச் சொந்தமாக ஒரு முழக்கத்தைச் செய்துகொள்ள முடிந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாம் 'சீனவெடி' எனப் பெயரிட்டழைக்கும் அதே பொருள் அமெரிக்காவிலும் சீனாவின் பெயராலேயே வழங்கிற்று. ஒரே சரக்கு இரு திசைகளிற் பயணஞ் செய்து, சென்றவிடமெல்லாம் பிறந்தகத்தின் பெயரைத் தாங்கி நின்றமை சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையோர் கவனிக்கத்தக்கது.

வெடி வீட்டுக்கு வந்தபோது முதலில் வெளிப்பட்ட ஆபத்துக் காயமன்று, தீயேயாகும். 1866 யூலை 4 ஆந் திகதி, உள்நாட்டுப் போர் முடிந்தபின் வந்த இரண்டாவது சுதந்திர தினத்தன்று, மெயின் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரத்துத் துறைமுகப் பகுதியிலிருந்த படகுக் கொட்டிலொன்றில் நெருப்புப் பற்றியது. சிறுவன் எறிந்த வெடியா, யாரோ தட்டிய சுருட்டுச் சாம்பலா என்பது இன்றுவரை தீர்க்கப்படாத வழக்கு. நெருப்பு அருகிலிருந்த சீனியாலைக்குத் தாவி, காற்றின் துணையோடு நகரத்தைக் குறுக்கறுத்துச் சென்றது. ஏறத்தாழ 1,800 கட்டடங்கள் அழிந்தன. 10,000 பேர் வீடிழந்தனர். இறந்தோர் இருவர் மாத்திரமே என்பது வியப்புக்குரியது. அந்நகரிற் பிறந்த கவிஞர் லோங்பெலோ அழிவைக் கண்டு பொம்பேயி நகரை நினைவுகூர்ந்தார். தீக் காப்புறுதிக் கம்பனிகளின் தேசிய சபை அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. மரக்கூரையும் மரச்சுவரும் கொண்ட அந்நகரங்களின் நிலை, கிடுகு வேயப்பட்ட எம்மூர்க் குடிமனைகளின் நிலையினின்று அதிகம் வேறுபட்டதன்று. ஆயினும், கூரையைக் காப்பதற்குக் காப்புறுதிக்காரர் இருந்தனர். பிள்ளையின் கையைக் காப்பதற்கு அப்பொழுது யாரும் இருக்கவில்லை.

1880 ஆம் ஆண்டையடுத்து விளையாட்டுக் கைத்துப்பாக்கி பெருவழக்குப் பெற்றது. மலிவான வார்ப்பிரும்பாற் செய்யப்பட்ட இத்துப்பாக்கியில் குண்டில்லாத வெறுந்தோட்டாவை இட்டுச் சுடுவர். தோட்டாவின் வாயைக் காகிதத்தாலோ கம்பளித் துணியாலோ செய்த தக்கையொன்று அடைத்திருக்கும். குண்டில்லை, ஆதலால் ஆபத்தில்லை என்பது வாங்கிக் கொடுத்த தந்தையரின் எண்ணம். ஆனால் யூலை நடுப்பகுதியில், விழாவின் ஆரவாரம் ஓய்ந்து ஒரு கிழமை கழிந்தபின், வைத்தியர்களிடம் சிறுவர்கள் கொண்டுவரப்பட்டனர். தாடை இறுகி வாய் திறக்க முடியாத நிலை. பின்னர் கழுத்தும் முதுகும் வில்லாய் வளையும் வலிப்பு. பெரும்பாலும் சில நாட்களில் மரணம். நாம் ஏற்புவலி என வழங்கும் நோயே அது. அவர்களுட் பலரின் உள்ளங்கையில், ஏறத்தாழ ஆறிவிட்ட சிறியதொரு வடு காணப்பட்டது. 1881 ஆம் ஆண்டிலேயே பல நகரங்களின் வைத்தியர்கள் இத்தொடர்பைக் கண்டு எழுதியுள்ளனர்.

காரணம் அப்பொழுது விளங்கவில்லை. 1884 இல் நிக்கொலாயர் என்னும் ஜேர்மானியர் மண்ணில் இந்நோயின் கிருமி உண்டெனக் காட்டினார். 1889 இல் பேர்லினில் கொக்கின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய யப்பானிய அறிஞர் கித்தசாத்தோ அதனைத் தனியே பிரித்து வளர்த்தார். அடுத்த ஆண்டில் அவரும் பேரிங்கும் சேர்ந்து, நோயின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் குருதிநீரில் உண்டாக்கப்படலாம் என்பதை நிறுவினர். இக்கிருமி ஒட்சிசன் இல்லாத இடத்திலேயே செழித்து வளர்வது. அதன் வித்திகள் மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் நெடுங்காலம் உயிருடன் கிடப்பன. மோட்டார் வண்டி வருமுன் அமெரிக்க நகர வீதிகள் குதிரைச் சாணம் படிந்தவை என்பதையும், அவ்வீதியில் நாள் முழுதும் தவழ்ந்து விளையாடிய சிறுவனின் கை எத்தன்மையதாயிருக்கும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. உள்ளங்கைக்கு நேரே பிடித்த துப்பாக்கி தவறுதலாக வெடிக்கையில், தக்கையானது தோலிற் படிந்த அழுக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு தசைக்குள் ஆழமாய்ப் புகுந்துவிடும். வெளியே துளை சிறியது, விரைவில் மூடிக்கொள்ளும். உள்ளே காற்றுப் புகாத அறையொன்று கிருமிக்கு ஆயத்தமாகிவிடும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். 1899 இலிருந்து 'சிக்காகோ ரிபியூன்' பத்திரிகை சுதந்திர தினத்திற் காயமுற்றோரையும் இறந்தோரையும் திரட்டி வெளியிடத் தொடங்கியது. பாராட்டத்தக்க முயற்சிதான். எனினும் அதிற் பெருங்குறையொன்று இருந்தது. செய்திப் பத்திரிகைக்கு யூலை 5 ஆந் திகதியே கணக்கு முடிந்துவிட வேண்டும். அன்று காலையில் உயிருடன் இருந்த சிறுவன், கையிற் கட்டோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த சிறுவன், காயமுற்றோர் பட்டியலிற்கூட இடம்பெறமாட்டான். அவன் இறப்பது 12 ஆந் திகதியோ 14 ஆந் திகதியோ ஆகலாம். அப்போது அது விழாச் செய்தியன்று. ஒரு குடும்பத்தின் துயரம் மாத்திரமே.

1903 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை, ஜோர்ஜ் சிமன்ஸ் என்பாரின் ஆசிரியத்துவத்தின்கீழ், இக்கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நாடெங்குமிருந்து விபரந் திரட்டி, ஏற்புவலி தோன்றக்கூடிய காலமும் கழியும்வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே அட்டவணையை வெளியிட்டது. அவ்வாண்டுக்குரிய முடிவு: இறந்தோர் 466, காயமுற்றோர் 3,983. இறந்தோருள் 400 க்கு மேற்பட்டோர் ஏற்புவலியால் இறந்தவர்கள். மக்கள் அஞ்சிய பெருவெடிப்பு, பீரங்கி சிதறல், கண் இழப்பு, வீடு எரிதல் ஆகிய யாவும் சேர்ந்து விளைத்த மரணம் மிகச் சிறு பங்கே. எஞ்சியதெல்லாம் அந்தச் சிறிய துளையின் விளைவு. அதனை விளைத்த கருவிகளுள் முதலிடம் வகித்தது வெறுந்தோட்டாவேயாகும்.

இக்கண்டுபிடிப்பின் முக்கியத்துவத்தை ஒரு தாயின் நிலையில் நின்று நோக்கினால் நன்கு விளங்கும். கண் போய்விட்டால், விரல் அறுந்துவிட்டால், எந்தத் தாயும் வைத்தியரிடம் ஓடுவாள். உள்ளங்கையில் ஒரு பொத்தல், சிறிது குருதி, ஓரிரு துளி கண்ணீர் என்றால், கழுவித் துணி சுற்றி, ஏதேனும் களிம்பைத் தடவிவிட்டு அடுப்படிக்குத் திரும்புவாள். எம் வீடுகளில் தேங்காயெண்ணெயும், அண்மைக்காலமாகப் பற்பசையும் இக்களிம்பின் இடத்தைப் பெறுகின்றன. தீக்காயத்திற்கு உடன் வேண்டியது குளிர்ந்த ஓடுநீர் மாத்திரமே. மண்படிந்த ஆழ்காயத்திற்கு வேண்டியது வைத்தியரின் கை. பூச்சு இரண்டிற்கும் உதவாது. துணி இறுகச் சுற்றுவதனால் காற்றுப் புகாது. அன்போடு செய்த அக்காரியமே கிருமிக்கு வாய்ப்பாகிவிட்டது. 1903 இன் அட்டவணையைக் கண்ணுற்ற வைத்தியர்கள் கூறிய அறிவுரை இதற்கு நேர்மாறானது. காயம் எவ்வளவு சிறிதாயினும் அதை அகலத் திறவுங்கள். வேண்டுமாயின் மயக்கமருந்து கொடுத்துத் திறவுங்கள். தக்கையின் ஒவ்வொரு நாரையும் எடுத்துவிடுங்கள். தைக்காது திறந்தே வையுங்கள். நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது நச்சுமுறி மருந்தை உடனே ஏற்றுங்கள் என்பதாகும்.

மறு ஆண்டின் அட்டவணை இவ்வரலாற்றில் மிகவும் கருத்தூன்றி நோக்கவேண்டியது. 1904 இற் காயமுற்றோர் 3,986 பேர். முன்னாண்டை விட மூன்று பேர் அதிகம்! நாட்டின் சிறுவர்கள் எள்ளளவேனும் திருந்தவில்லை. ஆனால் இறந்தோர் தொகை 466 இலிருந்து 183 ஆக வீழ்ந்தது. ஏற்புவலி கண்டோர் ஏறத்தாழ நூற்றுவராகக் குறைந்தனர். அதே வெடி, அதே துப்பாக்கி, அதே கவனயீனம். மாறியது காயத்தை நோக்கிய கண் மாத்திரமே. இயற்கையான ஏற்ற இறக்கமும் இதிற் சிறிது கலந்திருக்கக்கூடும் என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தை முற்றாக ஒதுக்குவதற்கில்லை. எனினும் பின்வந்த ஆண்டுகளிலும் ஏற்புவலி 1903 இன் உயரத்தை மீண்டும் எட்டவேயில்லை என்பதை நோக்குமிடத்து, வைத்தியரின் பங்கே பெரிதெனக் கொள்வது பொருத்தமாகும்.

நச்சுமுறி மருந்து குதிரையின் குருதியிலிருந்து பெறப்பட்டது. வீதியில் நோயைப் பரப்பிய விலங்கே தொழுவத்தில் மருந்தையும் அளித்தது. ஆனால் இம்மருந்துகளின் மீது மக்களுக்குத் தயக்கம் இருந்திருப்பின் வியப்பதற்கில்லை. 1901 இல் சென்ற் லூயிஸ் நகரில், தொண்டைக்கரப்பானுக்கெனத் தயாரிக்கப்பட்ட இத்தகைய குருதிநீர் மருந்தில் ஏற்புவலி நஞ்சு கலந்திருந்தமையால் 13 பிள்ளைகள் மாண்டனர். குருதியளித்த குதிரைக்கே அந்நோய் கண்டிருந்தது. அதன் விளைவாக 1902 இல் உயிரியல் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. அந்த அதிர்ச்சி ஆறுமுன்னரே, அதே வகை ஊசியைச் சிறு காயத்திற்கும் போட்டுக்கொள்ளுமாறு வைத்தியர்கள் வேண்டினர். பெற்றோர் பலர் இணங்கினர். அச்சட்டத்தின் பயன் இவ்விணக்கத்திலும் ஓரளவு தெரிகின்றதெனலாம்.

வைத்தியர் செய்யக்கூடியது இவ்வளவே. காயமுறுவோர் தொகையை அவர்களாற் குறைக்க இயலவில்லை. 1909 இல் 215 பேர் இறக்க, 5,092 பேர் காயமுற்றனர். இது 1903 ஐயும் விஞ்சிய தொகை. இதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்ததொன்று நகரசபைகளின் மனதை மாற்றத் தொடங்கியிருந்தது. 1908 யூலை 3 ஆந் திகதி கிளீவ்லாந்து நகரக் கடையொன்றில், விழாவுக்கென அடுக்கப்பட்டிருந்த வாணவெடிகள் தீப்பற்றி ஏழு பேர் மாண்டனர். தீ எதனால் மூண்டது? வாடிக்கையாளருக்குக் கம்பிமத்தாப்பு ஒன்றைக் கொளுத்திக் காட்டியமையாலேயாம்! தீங்கற்றதெனக் கருதப்பட்டுச் சிறு பிள்ளைகளின் கையில் இன்றும் கொடுக்கப்படும் அதே மத்தாப்பு. கிளீவ்லாந்து நகரசபை அதே ஆண்டில் வெடிகளின் விற்பனைக்கும் பாவனைக்கும் தடை விதித்தது. அது பின்னர் ஏனைய நகரங்களுக்கு முன்மாதிரியாயிற்று.

இதேவேளையில் நியூயோர்க்கில் ஜூலியா பார்னெற் றைஸ் என்னும் அம்மையார் மற்றொரு திசையிலிருந்து இப்பிரச்சினையை அணுகினார். ஹட்சன் ஆற்றிற் படகுகள் இராப்பகலாக ஊதிய ஊதலுக்கு எதிராக இயக்கம் நடத்தி வெற்றிகண்டவர் அவர்; தேவையற்ற ஓசையை ஒடுக்கும் சங்கமொன்றை நிறுவி, வைத்தியசாலைகளிற் கிடக்கும் நோயாளருக்காகக் குரலெழுப்பியவர். 1908 இல் வெளியான கட்டுரையொன்றில் யூலை நான்காம் நாளின் கொண்டாட்டத்தைக் காட்டுமிராண்டித்தனமெனச் சாடினார். ஆபத்தற்ற, புத்தியுள்ள சுதந்திர தினம் வேண்டும் என்ற கோரிக்கை நாடெங்கும் பரவியது. ஓசையை வெறுத்தவர்களும், தீயை அஞ்சிய காப்புறுதிக்காரரும், காயத்தை எண்ணிய வைத்தியரும், சிறுவர் விளையாட்டிடங்களுக்காக உழைத்தோரும் ஒருமித்தனர். ஒவ்வொருவரின் நோக்கமும் வேறு. வேண்டியது மாத்திரம் ஒன்று. வெடியை வீட்டிலிருந்து எடுத்து மீண்டும் ஊர்ப் பொதுவிடத்திற்குக் கொண்டு செல்லவேண்டும் என்பதே அது. பகலில் ஊர்வலம், ஓட்டப்பந்தயம், வரலாற்றுக் காட்சிகள். இரவிற் பூங்காவிலே பயிற்சி பெற்றோர் நடத்தும் வாணவேடிக்கை என்று நிகழ்ச்சிநிரல் அமைந்தது.

விளைவு விரைவாகவே தெரிந்தது. 1910 இல் இறந்தோரும் காயமுற்றோரும் சேர்ந்து மூவாயிரத்திற்குக் குறைந்தனர். 1912 இல் இறந்தோர் 41, காயமுற்றோர் 947. முதலாவது வீழ்ச்சி வைத்தியரால் நேர்ந்தது, இரண்டாவது நகரசபையால் நேர்ந்தது என நாம் பிரித்துணரவேண்டும். முதலாவதிற் காயம் குறையாது மரணம் குறைந்தது. இரண்டாவதிற் காயமே குறைந்தது. 1916 அளவில் ஏற்புவலி இக்கணக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. கணக்கெடுத்தோரும் தம் பணி முடிந்ததெனக் கருதினர்.

இச்சீர்திருத்தத்தை முழுமையாகப் போற்றுவதற்குச் சிறிது தயக்கமும் உண்டு. அதனை முன்னின்று நடத்தியோர் பெரும்பாலும் வசதியுள்ள நடுத்தர வகுப்பினர். தெருவில் வெடி கொளுத்தியோரோ ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகள். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் அண்மையில் வந்து குடியேறியோரின் பிள்ளைகள். ஆண்டு முழுவதும் ஆலையிலும் தெருமுனைக் கடையிலும் உழைத்த சிறுவனுக்கு, ஊரையே அதிரவைக்கும் உரிமை கிடைத்தது அந்த ஒரு நாளில் மாத்திரமே. அந்நாளும் கொடியேந்தி வரிசையில் நடக்கும் நாளாயிற்று. வந்தேறியோரை நல்ல அமெரிக்கராக்கும் பயிற்சியாகவே அவ்வூர்வலங்களைச் சீர்திருத்தவாதிகள் சிலர் நோக்கினர் என்பதும் உண்மை. ஆயினும் 1903 இல் இறந்த நானூற்றுவரும் பெரும்பாலும் அதே தெருக்களின் பிள்ளைகளாகவே இருந்திருப்பர் என்பதை மறந்து இவ்வாதத்தைப் பேசுதல் நேர்மையாகாது.

சீர்திருத்தவாதிகள் தவறிய இடமொன்றும் உண்டு. வெடிக்கு மாற்றாக வீட்டிற் கொளுத்தத்தக்கதென மத்தாப்பினைப் பலர் ஏற்றுக்கொண்டனர். ஓசையில்லை, சிதறலில்லை, ஆதலால் ஆபத்துமில்லை என்பது எண்ணம். குண்டில்லாத துப்பாக்கியைப் பற்றிய பழைய எண்ணத்தின் மறுபிறப்பே இது. கம்பிமத்தாப்பின் நுனி ஏறத்தாழ 1,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரிகின்றது. பொறி அணைந்த பின்னரும் கம்பி நெடுநேரம் சுடும். மெல்லிய பருத்தியாடை அதனைத் தொட்டவுடன் பற்றிக்கொள்ளும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளை, எறியப்பட்ட கம்பியை மிதிக்கும். எரிந்து முடிந்த கம்பிகளை இடுவதற்கென ஒரு வாளி தண்ணீரை முற்றத்தில் வைத்தல் மிக எளிய காரியம்; அதனைச் செய்யும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அமெரிக்க மத்திய அரசு இவ்விடயத்தில் மெதுவாகவே நுழைந்தது. 1954 இல், வெடி தடைசெய்யப்பட்ட மாநிலத்திற்கு அதனை வெளியிலிருந்து கொண்டுசெல்வது குற்றமாக்கப்பட்டது. 1966 இல் நிறைவேறிய பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவாகப் பெருவெடிகள் தடைப்பட்டன. அவற்றுள் ஒன்றான 'எம்-80' என்பது முதலிற் படைப்பயிற்சியிற் பீரங்கி ஓசையைப் போலிசெய்வதற்குச் செய்யப்பட்டதாகும்; ஏறத்தாழ 3 கிராம் வெடிமருந்து கொண்டது. 1976 இல், நாட்டின் இருநூறாவது ஆண்டு நிறைவின்போது, நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழு புதிய விதிகளை இயற்றிற்று. அதன்படி சாதாரண வெடியொன்றிலுள்ள மருந்து 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. திரியானது 3 செக்கனுக்குக் குறையாமலும் 6 செக்கனுக்கு மேற்படாமலும் எரியவேண்டும். இவ்வுச்சவரம்பு பிற்காலத்தில் 9 செக்கனாக உயர்த்தப்பட்டது.

திரிபற்றிய இவ்விதி மேலோட்டமாக நோக்குவோருக்கு அற்பமாகத் தோன்றலாம். 3 செக்கன் என்பது கொளுத்தியவன் கையை எடுத்து அப்பால் நகர்வதற்கு வேண்டிய குறைந்த நேரம். அப்படியாயின் மேலெல்லை எதற்கு? திரி நெடுநேரம் எரியுமாயின், வெடி அணைந்துவிட்டதென எண்ணி ஒருவன் திரும்பி வந்து குனிவான். வெடிக்காததைக் குனிந்து பார்க்காதே என்ற எம் பாட்டிமாரின் வாக்கு இங்கே செக்கன் கணக்கில் அளந்து சட்டமாக்கப்பட்டுள்ளது. ஆயினும் எவ்விதியும் ஈரம்பட்ட திரியைக் கட்டுப்படுத்தாது. அதன் உள்ளே நெருப்பு உறங்கிக் கிடக்கலாம். அதனால் வெடிக்காத வெடியை மீண்டும் கொளுத்தாது, பொறுத்திருந்து தண்ணீரில் அமிழ்த்துவதே வழி. தகரப் பேணியாலோ சிரட்டையாலோ வெடியை மூடிக் கொளுத்தும் விளையாட்டை எந்த விதியும் தடுக்கவில்லை. 50 மில்லிகிராம் மருந்தும் தகரத்தைச் சிதறடிக்கும் என்பதை அவ்விளையாட்டில் ஈடுபட்டோர் அறிவர்.

மருந்தின் அளவு ஒருபுறமிருக்க, அதன் சேர்க்கையும் கருதத்தக்கது. பொற்றாசியம் குளோரேற்றும் கந்தகமும் கலந்த கலவை உராய்வினாலேயே வெடிக்கக்கூடியது. பிரித்தானியா 1894 இலேயே இக்கலவையைத் தடைசெய்தது. பின்னர் சிவகாசியை மையமாகக் கொண்டு பெரும் பட்டாசுத் தொழில் வளர்ந்த இந்தியாவில் இத்தகைய தடை 1992 இலேயே பிறந்தது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. வாங்குவோரின் முற்றத்தைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது. செய்வோரின் கதை இதனினும் துயரமானது, தனியே எழுதப்படவேண்டியது.

1910 ஐயடுத்து வெடி வீட்டைவிட்டு வெளியேறியது என்றோம். அது நிலைத்ததா? இல்லை என்றே கூறவேண்டும். 2000 ஆம் ஆண்டின் பின்னர் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகளைத் தளர்த்தின. வீட்டுப் பாவனைக்குரிய சகல வாணவெடிகளையும் தடைசெய்த மாநிலமாக எஞ்சியது மசச்சூசெற்ஸ் மாத்திரமே. வரிவருமானமும், அயல் மாநிலத்திற்கு ஓடிய வியாபாரமும் இத்தளர்ச்சிக்குக் காட்டப்பட்ட நியாயங்களுள் அடங்கும். இந்நிலையில் 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய், வரலாற்றாசிரியன் தானாக அமைத்துப் பார்க்கமுடியாத பரிசோதனையொன்றை நடத்திக் காட்டியது. கூட்டம் கூடலாகாது என்பதனால் பூங்காக்களிலும் ஆற்றங்கரைகளிலும் நடைபெறும் பொது வாணவேடிக்கைகள் பெருமளவிற் கைவிடப்பட்டன. றைஸ் அம்மையாரின் தலைமுறையினர் கட்டியெழுப்பிய ஏற்பாடு ஓராண்டுக்கு நின்றுபோக, மக்கள் வெடிகளை வாங்கித் தத்தம் வாசலிலே கொளுத்தினர். 2019 இல் வாணவெடிகளாற் காயமுற்று வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குச் சென்றோர் ஏறத்தாழ 10,000 பேர் என ஆணைக்குழு மதிப்பிட்டிருந்தது. 2020 இல் அத்தொகை ஏறத்தாழ 15,600 ஆக உயர்ந்தது. குறைந்தது 18 பேர் இறந்தனர்.

காயமுற்ற உறுப்புகளுள் முதலிடம் பெற்றவை கையும் விரல்களுமே. ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளின் காயங்களில் மத்தாப்பின் பங்கு கணிசமானதென ஆணைக்குழுவின் அறிக்கைகள் பன்முறை காட்டியுள்ளன. ஆனால் அவ்வறிக்கைகளில் ஏற்புவலிக்கெனத் தனி நிரலொன்று இல்லை. 1940 களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏற்பு ஊசி வழமையாகப் போடப்பட்டு வருகின்றது. 1903 இல் அட்டவணையின் பெரும்பகுதியை நிரப்பிய நோய், முற்றத்து வெடி அப்படியே இருக்க, குழந்தைப் பருவத்திலேயே தடுக்கப்பட்டுவிட்டது.